அவள் ஏன் ஓடவில்லை

தற்காப்பு வழக்கு ஒன்று உங்கள் அலுவலகப் படியேறி வரும்போது அது தனியாக வராது. குறைந்தது நாலு பேரோடு வரும். அந்த நாலு பேரில் அடித்தது யார் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருப்பவர்தான் பெரும்பாலும் அவர். நடந்ததைச் சொல்வது வேறு ஒருவராக இருக்கும். அண்ணன் சொல்வார், மாமா சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்வார். நம்மவர்கள் வழக்கறிஞரைப் பார்க்கப் போவதையும் பெண் பார்க்கப் போவதுபோல் ஆக்கி வைத்திருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவர் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள்.

ஜார்ஜ் டவுனில், மலாய் மொழியில் வழக்கு நடக்கிற நீதிமன்றத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அலுவலகம் வைத்து வாழ்நாள் முழுக்கக் குற்றவியல் வழக்குகள் பார்த்தவள் நான். இப்போது கடையைக் கட்டிவிட்டேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சட்டப் பிரிவுகளை நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியைத் தட்டினால் அவை வந்து விழும். தன் உடம்பைக் காத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு, தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. சட்டம் சொல்வது அவ்வளவுதான். அந்தத் தேவை எந்த நொடியில் முடிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் பிழைப்பு.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிறை தொழிற்பேட்டையில் வேலை செய்தவர். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போன இடத்தில் ஒருவன் இரும்புக் கம்பியைக் காட்டிப் பையைக் கேட்டான். இவர் கையில் ஹெல்மெட் இருந்தது. ஓங்கி ஒன்று போட்டார். கம்பி எகிறிப்போய் விழுந்தது, கம்பி வைத்திருந்தவனும் விழுந்தான். அதோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பாராட்டி அனுப்பியிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. விழுந்து கிடந்தவனை ஆத்திரம் தீருகிற வரைக்கும் அதே ஹெல்மெட்டால் அடித்தார். சாட்சிக் கூண்டில் ஏறி, "இனிமே எவன்மேலயும் கை வைக்க யோசிக்கணும், அதுக்குத்தான் அடிச்சேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். முதல் அடிக்குச் சட்டம் அவர் பக்கம் நின்றது. கம்பி கையை விட்டுப் போன பிறகு விழுந்த அடிகளுக்கு நிற்கவில்லை. பையைப் பறிக்க வந்தவனும் சிறைக்குப் போனான், பையைக் காப்பாற்றியவரும் போனார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை அவரைப் பார்த்து நன்றாகவே கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்தத் தற்காப்பு வழக்கு வந்தாலும், எத்தனை அடி, முதலடி எது, கடைசி அடி எது என்று எண்ணிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். ரெஜினாவின் வழக்கில் மட்டும் அது போதவில்லை.

ரெஜினா பாலர் பள்ளி ஆசிரியை. ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். அண்ணன் பெயர் அந்தோணி. பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தாய் தகப்பன் போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் தங்கைக்கு இடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் தான் உட்காருவார் என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார். என் அலுவலகத்துக்கும் அப்படித்தான் வந்தார்கள். அண்ணன், அண்ணி, தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு மாமா, கடைசி நாற்காலியில் ரெஜினா.

"சின்ன கேஸ்தான் மேடம்" என்று அந்தோணி ஆரம்பித்தார். "மேல் மாடியில ஒரு ஆளு இருக்கான். அவனுக்கும் எனக்கும் மோட்டார் நிறுத்துற எடத்துல ரொம்ப நாளா தகராறு. அன்னிக்கு லிஃப்ட் ரோசாக், ஓடல. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு இது படியில ஏறி வந்திருக்கு. அவன் எறங்கி வந்திருக்கான். என்மேல உள்ள கோவத்த இதுகிட்ட காட்டியிருக்கான் லா. இது பயந்து போயி மொளகு ஸ்ப்ரே அடிச்சிருச்சு."

"ஸ்ப்ரே ஏது?"

"நான்தான் வாங்கிக் குடுத்தேன். சாவிக்கொத்துல மாட்டிக்கிற மாதிரி சின்னது. யாராச்சும் கிட்ட வந்தா மூஞ்சில அடிச்சிட்டு ஓடிருன்னு வீட்டுல வச்சு பழக்கிக் குடுத்ததும் நான்தான்."

"அப்படித்தான் நடந்துச்சாம்மா?" என்று ரெஜினாவைக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஏதோ ஆட்டினாள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணனின் கை அவள் நாற்காலியின் முதுகுமேல் இருந்தது.

அந்த மேல் மாடி ஆள் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் கண்ணைக் கழுவிக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். இவர்கள் போகவில்லை. "பொம்பளப் புள்ள பேரு பாலாய்ல எதுக்கு மேடம்?" என்று மாமா கேட்டார். போலீஸ் நிலையத்தைப் பாலாய் என்று சொல்லும்போதே நம்மவர்கள் குரல் இறங்கிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று பயந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். முதலில் புகார் கொடுத்தவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார், வீட்டில் இருந்தவரைத் தேடிப் போலீஸ் வருகிறது. தன்னைக் காத்துக்கொண்டவர் அன்றைக்கே போய்ச் சொல்லியாக வேண்டும் என்பதை உங்களைத் தேடி வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லுங்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போலீஸ் கூப்பிட்டு விசாரித்தபோதும் அந்தோணி கூடவே போயிருக்கிறார். தங்கை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மோட்டார் நிறுத்துகிற தகராறை அவரே விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். விசாரித்த அதிகாரி ரெஜினாவைக் கேட்டது ஒன்றுதான். எத்தனை தடவை அடித்தாய்? அவள் இரண்டு தடவை என்றாள். ஆயுதத்தால் காயப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு வந்தது. அண்ணன் நல்லெண்ணத்தோடு சொன்ன தகராறு, அவள் வேண்டுமென்றே தாக்கியதற்கான காரணமாக அரசுத் தரப்பின் கையில் போய்ச் சேர்ந்தது.

அடுக்குமாடிப் படிக்கட்டில் கேமரா இருந்தது. அந்தப் படத்தை எனக்கும் கொடுத்தார்கள். அந்த ஆளின் முதுகுதான் அதில் தெரிந்தது. அவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி ரெஜினாவின் முகமும் ஒரு கையும் கால்களும். ஸ்ப்ரே அடிக்கிறாள், அவர் குனிகிறார். சற்று நேரம் கழித்து, குனிந்திருப்பவரின் முகத்தில் மறுபடியும் அடிக்கிறாள். ஹெல்மெட்காரர் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தார். முதல் தடவை தற்காப்பு, இரண்டாவது தடவை ஆத்திரம். மேஜிஸ்திரேட்டும் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அரசுத் தரப்பில் வந்தவர் ஒரு பெண் வழக்கறிஞர், நேர்மையானவர். ஒத்துக்கொண்டால் குற்றச்சாட்டைக் குறைக்கிறேன், அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அந்தோணிக்குப் பெரிய நிம்மதி. "தலைக்கு வந்தது தலப்பாவோட போவுது மேடம். ஃபைன் கட்டிட்டு மறந்துருவோம் லா" என்றார்.

அபராதம் கட்டினாலும் குற்றவாளி குற்றவாளிதான் என்று விளக்கினேன். தண்டனைப் பதிவு இல்லாமல் விடும்படி கேட்கலாம், கொடுத்தால் உண்டு, உறுதி சொல்ல முடியாது. ஒருவரைக் காயப்படுத்தியதாகப் பெயர் பதிவான பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க யார் விடுவார்கள்?

"அதெல்லாம் யாரு போயி தேடப் போறா?" என்றார் அந்தோணி.

ரெஜினா முதல் முறையாக வாய் திறந்தாள். "பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா என்னைய நிறுத்திருவாங்களா மேடம்?"

"நிறுத்தத்தான் வாய்ப்பு அதிகம்."

அவள் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டிக்கொண்டாள். அண்ணன் வேறு வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாராம். குற்றத்தை ஒத்துக்கொள்வதென்று அங்கேயே முடிவாகிவிட்டது. முடிவு செய்தது யார் என்று நான் அப்போது கேட்கவில்லை.

குற்றச்சாட்டு வாசிக்கப்படுவதற்கு முந்தின நாள், தண்டனையைக் குறைக்கக் கேட்பதற்கு என்னவெல்லாம் சொல்லலாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதற்காகப் படத்தை மறுபடி போட்டேன். எத்தனை தடவை அடித்தாள் என்பது தெரிந்த கணக்கு என்பதால், இந்தத் தடவை அவள் கையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். அந்த ஆள் குனிந்த பிறகு கீழே இறங்கும் படி அவளுக்கு வலது பக்கத்தில் காலியாக இருக்கிறது. அடித்துவிட்டு ஓடு என்று வீட்டில் பழக்கப்பட்ட பெண். ஓடவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, முழங்கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். இரண்டாவது தடவை அடித்த பிறகுதான் ஓடுகிறாள். பையும் ஒரு செருப்பும் அங்கேயே கிடக்கின்றன. ஆத்திரத்தில் அடிக்கிறவள் அடித்துவிட்டு அப்படி ஓடமாட்டாள். நின்று பார்ப்பாள், திட்டுவாள், ஹெல்மெட்காரரைப்போல் இன்னும் நாலு போடுவாள்.

மறுநாள் காலை நீதிமன்ற நடைபாதையில் வழக்கம்போல் கூட்டம். அந்தோணி தங்கையின் கையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய ஐசி அடையாள அட்டையின் நகல் ஒன்று வேண்டும், உடனே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"வாட்ஸ்அப்ல அனுப்புறேனே மேடம்."

"காகிதத்துல வேணும்."

பொய்தான். என் கோப்பில் மூன்று நகல்கள் இருந்தன. இந்தப் பொய்க்காக நான் பாவமன்னிப்புக் கேட்கப் போவதில்லை, நீங்களும் தேவைப்பட்டால் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் எழுந்து போனதும் அவர் இடத்தில் உட்காராமல் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன்.

"ரெஜினா, எத்தன தடவ அடிச்சேன்னு நான் கேக்கல. அடிச்சிட்டு ஓடணும்னு உனக்கு நல்லாத் தெரியும். படி பக்கத்துலயே இருக்கு. ஏன் ஓடல?"

எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வேறு யாருடைய வழக்கையோ கூப்பிட்டார்கள். எங்கள் வழக்கு அதற்கு அடுத்தது.

"ஓட முடியல மேடம்."

"ஏன்?"

"அவன் கைய எடுக்கல."

எந்த இடத்திலிருந்து என்று சொல்லவில்லை. தன் சட்டையின் கழுத்துப் பட்டனைத் தொட்டாள், உடனே கையை எடுத்துவிட்டாள். "மொத தடவ அடிச்சப்ப குனிஞ்சான். விட்டுருவான்னு நெனச்சேன். விடல. உள்ளுக்குள்ளயே இன்னும் இறுக்கிப் புடிச்சான். செவத்தோட வச்சு அமுக்குனான். ரெண்டாவது தடவதான் விட்டான்."

இத்தனை நாளாக இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு மோட்டார் நிறுத்துகிற இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"மேடம்" என்றாள். "குத்தத்த ஒத்துக்கிட்டா இதெல்லாம் யாருகிட்டயும் சொல்ல வேணாம்ல?"

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்கள் நாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போராடு, விடாதே என்று சொல்ல எனக்குத் துடித்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன் முடிவு செய்ததற்குப் பதில் நான் முடிவு செய்ததாக ஆகியிருக்கும். கூண்டில் ஏறி அத்தனை பேர் முன்னால் சொல்லப் போவது அவள். அதனால் உள்ளதை மட்டும் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டா சொல்ல வேணாம். இன்னிக்கே முடிஞ்சிரும். ஆனா அவன் சொன்னதுதான் நடந்ததுன்னு ஆயிரும். சண்டை போட்டா எல்லாத்தையும் சொல்லணும். ஒரு தடவ சொன்னா பத்தாது, திரும்பத் திரும்பக் கேப்பாங்க. ஜெயிப்போம்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றவள், "நான் ஒத்துக்க மாட்டேன் மேடம்" என்றாள். நடக்கும்போது கால் தடுக்கியது. பிடித்துக்கொண்டேன்.

அந்தோணி நகலோடு திரும்பி வந்தபோது அவள் குற்றத்தை மறுத்து விசாரணை கேட்டு முடித்திருந்தாள். அவர் முகம் சிவந்துவிட்டது. வெளியே வந்ததும் என்மேல் பாய்ந்தார்.

"என்னா மேடம் இது? நான் அஞ்சு நிமிஷம் போயிட்டு வர்றதுக்குள்ள மாத்தி உட்டுட்டிங்க! கேஸ இழுத்துக் காசு பாக்கவா?"

"நான்தாண்ணே சொன்னேன்" என்றாள் ரெஜினா.

"ஏன்?"

அவள் பையின் வாரைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். கட்சிக்காரர் சொன்னதைக் கட்சிக்காரர் அனுமதி இல்லாமல் நாம் வெளியில் சொல்ல முடியாது, கட்டணம் கட்டுகிற அண்ணனிடமும் முடியாது. வேறு வழக்கறிஞரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். ரெஜினா அவர் பின்னால் போனாள். வேறு வழக்கறிஞரை வைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு என் அலுவலகத்துக்கு அவள் தனியாகத்தான் வந்தாள்.

ரெஜினாவைப் பெண் போலீஸ் அதிகாரி ஒருவரிடம் புகார் கொடுக்க வைத்தேன். சம்பவம் நடந்து மாதக்கணக்காகிவிட்டது என்று அவர் உதட்டைப் பிதுக்கினாலும் முழுவதையும் எழுதிக்கொண்டார். அதை வைத்து வழக்கைத் திரும்பப் பெறும்படி அரசுத் தரப்புக்கு எழுதினேன். மறுத்துவிட்டார்கள். தண்டனையிலிருந்து தப்பிக்கப் பின்னால் யோசித்துச் சேர்த்த கதை என்று அவர்களுக்குத் தோன்றியது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தாமதம் அப்படிப்பட்ட விஷம்.

விசாரணையில் அந்த ஆள் சாட்சி சொன்னார். ஸ்ப்ரே பட்ட கண் இன்னும் சிவந்து நீர் கோத்திருந்தது, துடைத்துத் துடைத்துப் பேசினார். அந்தக் காயம் பொய்யில்லை. மோட்டார் விஷயமாகப் பேசப் போனேன், திடீரென்று அடித்துவிட்டாள் என்றார். உங்கள் வலது கை எங்கே இருந்தது என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார். இரண்டு கையும் எங்கே இருந்தன என்று வேறு விதமாகக் கேட்டேன். இடது கை கைப்பிடியில் இருந்தது என்று உடனே சொன்னார். வலது கை மட்டும் அவருக்குக் கடைசிவரை ஞாபகத்துக்கு வரவில்லை. மேஜிஸ்திரேட் அதைக் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆனால் முதுகு மட்டும் தெரிகிற படத்தை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் போக முடிந்தது. இனி அவள் சொன்னால்தான் உண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அந்தோணியும் வந்திருந்தார். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ரெஜினாவை ஓரமாகக் கூப்பிட்டேன். வெளியாட்கள் இல்லாமல் கதவைச் சாத்திக் கேட்கும்படி விண்ணப்பிக்கப் போகிறேன், அண்ணனும் வெளியே போய்விடுவார் என்றேன்.

"மத்தவங்க போகட்டும் மேடம். அண்ணன் இருக்கட்டும்."

"உன்னால அவரு முன்னால சொல்ல முடியுமா?"

"தெரியல. ஆனா அவரு வெளிய நின்னா மத்தவங்க வாயாலதான் கேப்பாரு. என் வாயால கேக்கட்டும்."

மேஜிஸ்திரேட் அனுமதித்தார். அவள் தமிழில் சொன்னாள், மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னார். அதனால் ஒவ்வொரு வாக்கியமும் அந்த அறையில் இரண்டு தடவை கேட்டது. அவள் சொன்ன எல்லாவற்றையும் இங்கே எழுதப் போவதில்லை. நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டியிருந்தது, சொன்னாள். நான் பின்னால் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். போலீஸ் நிலையத்தில் நீ வாக்குமூலம் கொடுத்தாய், அதில் இந்தக் கை எங்கேயும் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உன் வழக்கறிஞரிடமும் முதலில் சொல்லவில்லை. உண்மையாக இருந்தால் ஏன் சொல்லவில்லை?

வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல பதில் வராவிட்டால் அவள் குற்றவாளி, அதோடு பொய்க்காரியும் ஆகிவிடுவாள். இதற்கு என்ன பதில் சொல்வாய் என்று நான் அவளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வெட்கமாக இருந்தது என்று மட்டும்தான் சொல்வாள். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாரு. என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு அப்பா மாதிரி. அவரு பக்கத்துல இருக்கும்போது அந்த வார்த்தைய எப்படிச் சொல்றது?"

மொழிபெயர்ப்பாளர் நடுத்தர வயதுப் பெண். எத்தனையோ கொலை வழக்குகளை முகம் மாறாமல் மொழிபெயர்த்தவர். இந்த மூன்று நான்கு வாக்கியங்களைச் சொல்லி முடிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறங்கும்போது ரெஜினா என் மேசை அருகே நின்று, "அந்த ஆளு கண்ணு சரியாயிருமா மேடம்?" என்று மெல்லக் கேட்டாள். சரியாகிவிடும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோப்பில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அந்தோணி முன் இருக்கையின் முதுகில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்பு சில வாரங்கள் கழித்து வந்தது. இரண்டாவது தடவை அடித்தபோதும் ஆபத்து நீங்கியிருக்கவில்லை, அவள் விடுபடுவதற்குத் தேவையானதைத்தான் செய்தாள் என்றார் மேஜிஸ்திரேட். விடுதலை. அண்ணனும் தங்கையும் அன்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. சேர்ந்து வந்தார்கள், சேர்ந்து போனார்கள். ரெஜினா பள்ளிக்குத் திரும்பினாள்.

வழக்கில் தோற்றவர்கள் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வென்ற பிறகு என்ன ஆகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தன்னைக் காத்துக்கொண்டவர் விடுதலையாகி வெளியே வந்தால், எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும், இந்த முறை புகார்க்காரராக. ரெஜினா கொடுத்த புகாரைப் போலீஸ் தூசி தட்டி எடுத்தது. விரிவான வாக்குமூலத்துக்கு வரச் சொன்னார்கள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள்.

நான் போலீஸ் நிலைய வாசலுக்குப் போனபோது அந்தோணி மோட்டாரிலிருந்து அவளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஹெல்மெட்டை வாங்கிக் கைப்பிடியில் மாட்டினார். எனக்கு வணக்கம் சொன்னார். நகல் எடுக்க அனுப்பிய நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. பெண் அதிகாரி வெளியே வந்து ரெஜினாவின் பெயரைக் கூப்பிட்டார். அந்தோணி பழக்கத்தில் அவளோடு சேர்ந்து படியேறினார். கதவுவரை வந்தவர் நின்றுவிட்டார்.

"நீ உள்ள போயிப் பேசும்மா" என்றார். "எல்லாத்தையும் சொல்லு. நான் வெளிய இருக்கேன். எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன்."